கண்டியில் பிறந்த கடற்படைக்காரர் ஏகார்: சிலுவை கிடைத்த இரவும் கிடைக்காத பகலும்

தம்பி, உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி இருக்கிறது. கண்டியில் தோட்டத்துரை ஒருவரின் மகனாகப் பிறந்த கடற்படை அதிகாரி, பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா சிலுவையை வாங்கினார் என்பது உண்மையா? உண்மையென்றால் பாடசாலை ஆண்டு மலரில் அவரை ‘மலையகம் தந்த வீரர்’ என்று எழுதலாமா? முதலாவது முழு உண்மை. இரண்டாவதுக்குக் கடைசியில் வருகிறேன், ஆளைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பதில் சொல்வதில் பிரயோசனம் இல்லை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கண்டி, கடற்படை, யுத்தம் என்றதும் நம் ஊரில் பலருக்கு மவுண்ட்பேட்டன்தான் ஞாபகம் வரும். அவர் 1944இல் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தவர், இங்கே பிறந்தவர் இல்லை, விக்டோரியா சிலுவையும் வாங்கவில்லை. இலங்கையில் பிறந்து அந்தச் சிலுவையைப் பெற்ற இன்னொருவர் பேசில் ஹோர்ஸ்ஃபோல், அவர் கொழும்பில் பிறந்தவர், தரைப்படை, 1918இல் பிரான்சில் செத்துப்போனார். நீங்கள் கேட்கும் ஆள் அகஸ்டஸ் வில்லிங்டன் ஷெல்டன் ஏகார்.

1890 ஜனவரி 4ஆம் திகதி கண்டியில் பிறந்தார், வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளை. அப்பா ஜோன் ஷெல்டன் ஏகார் அயர்லாந்தில் கெரி பக்கத்துக்காரர், 1860 அளவில் இங்கே வந்தவர். அப்போது மலைநாடு முழுக்கக் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் அந்தப் பூஞ்சண நோய் கண்டது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி ஒழிந்து, ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்டுக்காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ துரைமார் கடனில் மூழ்கிக் கப்பலேறிவிட்டார்கள், ஏகார் குடும்பம் தேயிலையில் ஊன்றி நின்றது. ஊன்றி நிற்க வைத்தவர்கள் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து வந்து, வழியில் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த கூட்டங்கள்தான்.

பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் தாய் இறந்துவிட்டார், அவர் ஒஸ்திரியாக்காரி. எட்டு வயதில் பையனை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். இது அந்தக் காலத்துத் துரைமார் குடும்பங்களில் சாதாரணம்: பிள்ளை ஆயாவின் இடுப்பில் வளரும், தமிழோ சிங்களமோ கொஞ்சம் பேசும், ஏழெட்டு வயதானதும் கப்பலேறும், அப்புறம் தாய் தகப்பனைக் காண்பதே அபூர்வம். ஏகாருக்கு அந்த அபூர்வமும் நீடிக்கவில்லை. 1902இல் தகப்பன் சீனாப் பயணத்தில் கொலராவில் போய்ச் சேர்ந்தார். பன்னிரண்டு வயதில் அநாதை. அண்ணன்மார் பார்த்து, கடற்படையில் சேர்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். 1904இல் பயிற்சிக்குப் போனார். வீடு இல்லாத பையனுக்குக் கப்பல் வீடாகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். பிற்காலத்தில் அவருக்கு இருந்த அந்த ஒரு மாதிரியான பிடிவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

முதலாம் உலக யுத்தத்தை வேகமாகக் கடந்துவிடலாம். கலிப்போலிக் கடலில் இருந்தார், வட ரஷ்யக் கடலில் இருந்தார், கடைசியில் கரையோர மோட்டார் படகுப் பிரிவுக்கு வந்தார். இந்தப் படகைப் பற்றித் தெரிந்தால்தான் அடுத்த கதை விளங்கும். நாற்பது அடி நீளம், மெல்லிய பலகை, விமான எஞ்சின் போன்ற பலமான எஞ்சின், வேகம் எடுத்தால் மணிக்கு முப்பத்தைந்து கடல்மைல் அளவில் தண்ணீர்மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும். ஆள் இரண்டு மூன்று பேர். ஆயுதம், தண்ணீருக்கடியில் ஓடிப்போய்க் கப்பலில் மோதி வெடிக்கும் டோர்பிடோ ஒரே ஒன்றும் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியும். அந்த டோர்பிடோவை விடுகிற விதம்தான் விசித்திரம். படகின் பின்பக்கத்துப் பள்ளத்தில் மூக்கு முன்னோக்கிப் பார்க்கப் படுத்திருக்கும், ஒரு வெடித் தோட்டாவின் விசையில் அதைப் பின்னால் தள்ளிவிடுவார்கள், தண்ணீரில் விழுந்ததும் அது தன் எஞ்சினில் படகு போகும் அதே திசையில் ஓடத் தொடங்கும். ஓடும் லொறியின் பின்கதவால் ஒரு மோட்டார் சைக்கிளை இறக்கிவிட்டு, அது வந்து முட்டுமுன் லொறியை விலக்குவது மாதிரியான வேலை. வேகம் குறைந்தாலோ திரும்பத் தாமதித்தாலோ உங்கள் டோர்பிடோ உங்களையே தேடி வரும்.

1919இல் ஜேர்மனியோடு யுத்தம் முடிந்துவிட்டது. ஆனால் ரஷ்யாவில் புரட்சியும் உள்நாட்டுப் போரும். புரட்சியில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகளுக்கு எதிராகப் பிரித்தானியா நின்றது, யுத்தம் என்று முறைப்படி பிரகடனம் செய்யாமலே. பெட்ரோகிராட் (இன்றைய சென் பீற்றர்ஸ்பேர்க்) நகரத்துக்குள் போல் டியூக்ஸ் என்ற பிரித்தானிய உளவாளி மாட்டிக்கொண்டிருந்தார். பியானோ படிக்க ரஷ்யா போன ஆள், ஊரறிந்த வேடதாரி. அவர் சேகரிக்கும் தகவலை வெளியே கொண்டுவர வழியில்லை. இரகசியச் சேவையின் தலைவர் மான்ஸ்ஃபீல்ட் கம்மிங், ஒற்றைக் கால் போய் மரக்காலோடு நடந்தவர், ஏகாரைக் கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார்: பின்லாந்துக் கரையில் இருந்துகொண்டு, இரண்டு படகுகளில், அந்த நகரத்தைக் காக்கும் குரோன்ஸ்டாட் கடற்கோட்டைகளின் ஊடாக இரவில் ஆட்களைக் கொண்டுபோய் விடவேண்டும், கூட்டிவர வேண்டும். அவ்வளவுதான். சண்டை கூடாது. எல்லோரும் சிவில் உடுப்பில். ஆனால் பிடிபட்டால் உளவாளி என்று சுட்டுவிடாமல் இருக்கப் படகில் சீருடையும் பிரித்தானியக் கடற்படைக் கொடியும் ஒளித்துவைத்திருந்தார்கள்.

தெரியோக்கி என்ற சிறிய ஊரில், பழைய பாய்ப்படகுச் சங்கத்தின் துறையில் இறங்கினார்கள். உள்ளூர்க் கடத்தல்காரர்கள்தான் வழிகாட்டி. கோட்டைகளுக்கு இடையே தண்ணீருக்கடியில் தடுப்புச் சுவர் ஓடியது, பெரிய கப்பல் எதுவும் தாண்ட முடியாது, இந்தப் படகு வேகத்தில் எழும்பிப்போவதால் மயிரிழையில் தாண்டிவிடும். ஜூன் மாதம் என்பதால் அந்த அட்சரேகையில் இரவு என்று சொல்லக்கூடியது சில மணி நேரம்தான், அதுவும் முழு இருட்டு இல்லை.

ஜூன் 13 அளவில் தென்கரையில் இருந்த கிராஸ்னயா கோர்க்கா என்ற கோட்டை போல்ஷெவிக்குகளுக்கு எதிராகக் கிளர்ந்தது. குரோன்ஸ்டாட்டிலிருந்து போர்க்கப்பல்கள் வந்து அதைக் குண்டு போட்டுத் தகர்க்கத் தொடங்கின. ஏகார் தெரியோக்கி தேவாலயக் கோபுரத்தில் ஏறி இதைப் பார்த்தார். லண்டனுக்கு அனுமதி கேட்டார். பதில், படகுகள் உளவு வேலைக்கு மட்டும்தான், போல்டிக் கடற்படைத் தளபதி நேரடியாகச் சொன்னாலொழிய எதிலும் இறங்க வேண்டாம் என்று வந்தது. தளபதி கோவன், சண்டையென்றால் துள்ளிக் குதிக்கும் மனிதர், எட்டாத இடத்தில் இருந்தார். அவர் இருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பார் என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு ஏகார் கிளம்பிவிட்டார். கட்டளை மீறலை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

முதல் இரவு இரண்டு படகும் போய், ஒன்று எதிலோ அடிபட்டு எஞ்சின் தண்டு போய், மற்றது அதை இழுத்துக்கொண்டு திரும்பியது. ஜூன் 17 இரவு மிஞ்சிய நான்காம் இலக்கப் படகில் மூன்று பேர்: ஏகார், துணை லெப்டினன்ட் ஹாம்ப்ஷியர், எஞ்சின்காரர் பீலி. போர்க்கப்பல்கள் போய்விட்டன, இப்போது நின்றது ‘ஓலெக்’ என்ற குரூசர், 1905 சுஷிமா சண்டையில் தப்பிய பழைய கப்பல், ஆறாயிரத்து அறுநூறு தொன்னுக்கு மேல். சுற்றிலும் காவல் நாசகாரிகள். அவற்றுக்கு நடுவே மெல்ல ஊர்ந்து போகும்போது, டோர்பிடோவைத் தள்ளும் அந்த வெடித் தோட்டா தானாக வெடித்துவிட்டது. டோர்பிடோ விழாமல் தடுப்புக் கொக்கியில் நின்றது மட்டும் அதிர்ஷ்டம். வேறு தோட்டா போட வேண்டும். எதிரிக் கப்பல்களுக்கு இடையே, ஆடும் படகில், கையெல்லாம் நடுங்க, ஹாம்ப்ஷியரும் பீலியும் அதை மாற்றினார்கள். கிட்டத்தட்ட இருபது நிமிடம். ஏகார் சுக்கானில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

எல்லோரும் எழுதுவது அடுத்த ஐந்து நிமிடத்தைத்தான்: வேகம் எடுத்தார், டோர்பிடோவை விட்டார், திரும்பினார், ஓலெக் வெடித்துப் பன்னிரண்டு நிமிட அளவில் கவிழ்ந்தது, நாலாபக்கமும் குண்டு பறக்க வீடு வந்து சேர்ந்தார்கள். எனக்கு அந்த இருபது நிமிடம்தான் பெரிதாகத் தெரிகிறது, அதில் பாதிக்குமேல் பெருமை பீலிக்கும் ஹாம்ப்ஷியருக்கும். ஹாம்ப்ஷியர் அதற்குப் பிறகு மனமும் உடலும் தளர்ந்துபோனார். கிளர்ந்த கோட்டைக்காரருக்கு இதனால் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை, அவர்கள் அந்த நாட்களிலேயே தோற்றுப்போனார்கள். உளவு வேலைக்கோ உண்மையில் கெடுதல், ஏனென்றால் இப்படி ஒரு படகு அங்கே நடமாடுவது எதிரிக்குத் தெரிந்துவிட்டது. சோவியத் தரப்பு ஏகாரின் தலைக்கு ஐயாயிரம் பவுண் விலை வைத்தது. லண்டன் என்ன செய்தது? கட்டளையை மீறியவருக்கு விக்டோரியா சிலுவை கொடுத்தது. ஓகஸ்ட் 22ஆம் திகதி அரச வர்த்தமானியில் அறிவிப்பு வந்தபோது எங்கே, எந்தக் கப்பல், எப்படி என்று ஒரு விபரமும் இல்லை, மிகக் கடினமான நிலைமையில் வீரமும் நிதானமும் காட்டினார் என்று மட்டும். இரகசியம் வெளியே போகக்கூடாதே. அதனால் பத்திரிகைகள் அதை ‘மர்மச் சிலுவை’ என்றன.

அந்த அறிவிப்பு வருவதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. ஓகஸ்ட் 18 அதிகாலையில் எட்டு மோட்டார் படகுகள் குரோன்ஸ்டாட் துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து அடித்தன, வழி தெரிந்தவர் என்பதால் ஏகார் கூடப் போனார். நீர்மூழ்கிகளின் தாய்க்கப்பல் ஒன்று மூழ்கியது, இரண்டு போர்க்கப்பல்கள் சேதப்பட்டன, பிரித்தானியப் பக்கம் மூன்று படகு போயின. டொப்சன், ஸ்டீல் என்ற இருவருக்கு அதற்காக விக்டோரியா சிலுவை, ஏகாருக்கு அடுத்த நிலைப் பதக்கமான சிறப்புச் சேவை விருது. எந்த டியூக்ஸைக் கூட்டிவரப் போனாரோ அவரைக் கூட்டிவர முடியவில்லை. அந்த மாதக் கடைசிக்குள் செய்த முயற்சியில் தேடொளியில் மாட்டி, தடுப்புச் சுவரில் மோதி, படகு உடைந்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே தப்பினார். டியூக்ஸ் பிறகு லத்வியா வழியாகத் தானே நடந்து வெளியேறினார்.

இதற்குப் பிறகு இருபது வருடம் சாதாரணக் கடற்படை வாழ்க்கை. நியூசிலாந்து, அரச உல்லாசக் கப்பல், பதவி உயர்வு, ஒரு விவாகரத்து, இரண்டாவது கல்யாணம். 1939இல் ‘எமரல்ட்’ குரூசரில் பிரித்தானியாவின் தங்கக் கட்டிகளைக் கனடாவின் ஹலிஃபக்ஸுக்குக் கொண்டுபோனார். 1941 நடுவில் ‘டோர்செட்ஷயர்’ குரூசரின் கப்டன் ஆனார். அந்த வருடம் மே மாதம் பிஸ்மார்க் என்ற ஜேர்மன் போர்க்கப்பலைக் கடைசியாக டோர்பிடோவால் அடித்த கப்பல் அது, அந்தப் பெருமை அவருக்கு முன்பிருந்த கப்டனுடையது. சிலர் இதையும் ஏகாரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள், நீங்கள் எழுத வேண்டாம்.

1941 டிசம்பர் 1ஆம் திகதி தென் அத்திலாந்திக்கில் ‘பைதன்’ என்ற ஜேர்மன் விநியோகக் கப்பலைப் பிடித்தார். ஜேர்மன்காரர் தாங்களே கப்பலை மூழ்கடித்துவிட்டுப் படகுகளில் இறங்கினார்கள், நானூறுக்கு மேற்பட்டோர். பக்கத்தில் நீர்மூழ்கி இருக்கும் ஆபத்தால் ஏகார் அவர்களை ஏற்றாமல் போய்விட்டார். யுத்த விதிப்படி அதில் குற்றம் காண்பது கஷ்டம், ஜேர்மன் நீர்மூழ்கிகள் வந்து அவர்களைக் காப்பாற்றவும் செய்தன. ஆனால் நாலு மாதத்தில் நடந்ததோடு சேர்த்து வாசித்தால் மனதை என்னவோ செய்கிறது.

இனி நம் பக்கத்துக் கதை. 1942 ஏப்ரல். சிங்கப்பூர் விழுந்து, பர்மா விழுந்துகொண்டிருந்த நேரம், அடுத்தது இலங்கைதான் என்று எல்லோருக்கும் தெரியும். டோர்செட்ஷயர் கொழும்பில் திருத்த வேலையில் இருந்தது. ஏப்ரல் 4 மாலை, கொக்கலையிலிருந்து பறந்த கனேடியர் லெனர்ட் பேர்ச்சோலின் கற்றலினா விமானம் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது. செய்தி வந்த இரவே துறைமுகத்தைக் காலிசெய்தார்கள். டோர்செட்ஷயரும் ‘கோர்ன்வோல்’ என்ற மற்ற குரூசரும் அட்மிரல் சொமவிலின் கப்பற்படையோடு சேரத் தெற்கே ஓடின. மறுநாள் ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. நண்பகலுக்குள் யப்பானிய வேவு விமானம் இந்த இரண்டு கப்பலையும் கண்டுவிட்டது. பிற்பகல் ஒன்றரை மணி தாண்டி ஐம்பத்து மூன்று குத்துவீச்சு விமானங்கள் சூரியன் பக்கத்திலிருந்து பாய்ந்தன. பாதுகாக்க ஒரு விமானமும் இல்லை. டோர்செட்ஷயர் எட்டு நிமிட அளவில் தாண்டுபோனது, அடுத்த சில நிமிடங்களில் கோர்ன்வோல்.

இலங்கைக்குத் தென்மேற்கே சில நூறு கிலோமீற்றர் தூரத்தில், பூமத்திய ரேகையை அண்டிய வெயிலில், எண்ணெய் மிதக்கும் கடலில், ஆயிரத்துக்கு மேற்பட்டோர். ஏகாரும் கப்பலோடு கீழே இழுபட்டு, நுரையீரல் நொந்து, மேலே வந்தவர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. மிஞ்சிய சில படகுகளில் காயப்பட்டவர்களைப் போட்டு, மற்றவர்களைப் படகையும் மிதவைகளையும் சுற்றிக் கூட்டமாக வைத்திருந்தார். தனியாக நீந்திப் போகிறவன் சாவான் என்பது அவருக்குத் தெரியும். தலையில் துணி போடச் சொன்னார், இருந்த கொஞ்சத் தண்ணீரைப் பங்கிட்டார். சொமவிலின் படை யப்பானியருக்குப் பயந்து கிட்ட வர முடியாமல் இருந்தது. மறுநாள் விமானம் ஒன்று கண்டு சொல்லி, மாலையில்தான் ‘என்டர்பிரைஸ்’ குரூசரும் இரண்டு நாசகாரிகளும் வந்தன. கிட்டத்தட்ட முப்பது மணி நேரம். இரண்டு கப்பலிலும் சேர்த்து 424 பேர் இறந்தார்கள், 1,122 பேர் உயிரோடு ஏற்றப்பட்டார்கள்.

அவர் பெயருக்குப் பின்னால் போட்ட இரண்டு விருதும் 1919இல் செய்ததற்கு. இந்த முப்பது மணி நேரத்துக்கு ஒன்றும் வரவில்லை. தோற்ற சண்டைக்கு யார் சிலுவை கொடுப்பார்கள்? ஆனால் நான் பார்க்கிறபடி அவருடைய வாழ்க்கையில் பெரிய காரியம் அதுதான். ஓலெக்கை அடிக்கத் துணிச்சலும் கொஞ்சம் அடங்காத்தனமும் போதும். எதுவும் செய்ய இயலாத இடத்தில் ஆயிரம் பேரை நம்பிக்கையோடு வைத்திருக்க வேறு சரக்கு வேண்டும். அந்த இருபது நிமிடத் தோட்டா மாற்றலிலும் அதே சரக்குத்தான் கொஞ்சம் தெரிந்தது.

அந்த ஏப்ரலில் மலைநாட்டிலும் கலவரமாகத்தான் இருந்தது. கொழும்பு காலியாகியது, வசதியுள்ளவர்கள் ரயிலேறிக் கண்டி, பண்டாரவளை என்று வந்தார்கள், கொழும்பின் பெரிய பாடசாலைகள் மேலே நகர்ந்தன, குருத்தலாவையில் இன்றும் இருக்கிற புனித தோமையர் கல்லூரி அந்த 1942இல் வந்ததுதான். வியாபாரிகள் பலர் இந்தியாவுக்கு ஓடினார்கள். தியத்தலாவையில் கடற்படையினர் ஓய்வெடுத்துத் தேற முகாம் இருந்தது. தோட்டத்தில் காலையில் ஆளெடுக்கும் பெரட்டு மட்டும் நிற்கவில்லை. மலாயா போனதால் நேச நாடுகளுக்கு இறப்பர் கிடைக்கும் பெரிய இடம் இலங்கை ஒன்றுதான், மரத்தைக் கொல்லும் அளவுக்குப் பால் வெட்டினார்கள், வெட்டியவர்களிலும் நம் ஆட்கள் நிறைய.

ஏகாருக்கு அதற்குப் பிறகு உடம்பு சரியாக வரவில்லை. 1943 முதல் 1946 வரை கிரீனிச் கடற்படைக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார், ஓய்வுபெற்று ஹாம்ப்ஷயரில் ஓல்டன் என்ற ஊரில் இருந்து தன் அனுபவங்களை எழுதினார், 1968 டிசம்பர் 30ஆம் திகதி அங்கேயே இறந்தார்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. அவர் கண்டியில் பிறந்த 1890இல் அதே மலைகளில் லயத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைகளையும் நினைத்துப் பாருங்கள். எட்டு வயதில் போய்விட்ட ஏகாரின் பெயருக்கு நேரே எல்லா வீரர் பட்டியலிலும் பிறந்த ஊர் கண்டி, இலங்கை என்று இருக்கிறது. போகாமல் இங்கேயே கொழுந்தெடுத்துச் செத்தவர்களின் பிள்ளைகளை 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1947இல் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய சனம், அடுத்த தேர்தலில் வாக்குப் போட முடியவில்லை. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரித்தபோது ஏகார் ஓல்டனில் உயிரோடு இருந்தார். அது அவர் செய்த குற்றம் இல்லை, நான் அவரைக் குறைசொல்லவும் இல்லை. ‘மலையகம்’ என்ற சொல்லை நாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில் மட்டும் எனக்குக் கணக்கு உண்டு.

ஆகவே ‘கண்டியில் பிறந்தவர்’ என்று எழுதுங்கள், அது சரி. ‘மலையகம் தந்த வீரர்’ வேண்டாம். ஏப்ரல் 5ஐ முன்னால் வையுங்கள், நம் கடலில் நடந்தது, நம் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஓலெக் இரண்டாவதாக வரட்டும், அதில் பீலி, ஹாம்ப்ஷியர் இருவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும். படம் தேடினால், அந்த நான்காம் இலக்கப் படகு இன்னும் இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது, அதன் பின்பக்கப் பள்ளம் தெரிகிற மாதிரி ஒரு படத்தைப் போடுங்கள், டோர்பிடோ எப்படி இறங்கியது என்று நான் சொன்னது பார்த்தவுடன் விளங்கிவிடும்.